வரைபடமும் நான்கு பேரும்: மலையகத்தில் சாகசப் பந்தயத்தைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அட்வென்ச்சர் ரேஸிங் எனப்படும் சாகசப் பந்தயத்தில் கோடு போட்ட ஓடுபாதை கிடையாது. புள்ளிகள் குறிக்கப்பட்ட ஒரு வரைபடத்தைக் கையில் தந்து, அவற்றையெல்லாம் தொட்டுக்கொண்டு குறித்த நேரத்துக்குள் முடிவிடத்துக்கு வந்துசேருமாறு அனுப்பிவிடுவார்கள். எந்த வழியாகப் போவது என்பதை அணியே தீர்மானிக்க வேண்டும். சில பகுதிகளை நடந்தோ ஓடியோ, சிலவற்றை மலைச் சைக்கிளில், சிலவற்றைக் கயாக் போன்ற படகில் கடக்க வேண்டியிருக்கும். சில பந்தயங்களில் கயிற்றைப் பிடித்துப் பாறையிலிருந்து இறங்குவதும் உண்டு. புள்ளிகளை ஆங்கிலத்தில் 'செக்பொயின்ட்' என்பார்கள். நடையிலிருந்து சைக்கிளுக்கோ சைக்கிளிலிருந்து படகுக்கோ மாறும் இடத்தை 'மாறுமிடம்' என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். ஜிபிஎஸ் கருவிக்கும் கைபேசி வரைபடத்துக்கும் பெரும்பாலான பந்தயங்களில் அனுமதி இல்லை. கைபேசியை உறையிலிட்டு முத்திரை வைத்து, அவசரத்துக்கு மட்டுமே திறக்க வேண்டும் என்று சொல்லித் தருவதும் உண்டு.

இந்த விளையாட்டுக்கு நியூசிலாந்தைத் தாய்வீடு என்று சொன்னால் தவறில்லை. அங்கு 1983இல் ரொபின் ஜட்கின்ஸ் தொடங்கிய 'கோஸ்ட் டு கோஸ்ட்' போட்டி தென் தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட்டம், சைக்கிள், கயாக் என்று போவது. பல நாள் நீடிக்கும், அணியாகச் செல்லும் இன்றைய வடிவத்தை 1989இல் பிரெஞ்சுக்காரரான ஜெரார் ஃபுசில் 'ரேட் கோலுவாஸ்' என்ற பெயரில் அங்கேயே முதலில் நடத்தினார். 1995இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய 'எகோ சலஞ்' தொலைக்காட்சி வழியாக அதை உலகெங்கும் கொண்டுபோனது. இன்று இரண்டு மூன்று மணித்தியாலங்களில் முடியும் குறும்பந்தயம் முதல் ஒரு வாரத்துக்கு மேல் இரவு பகலாக ஓடும் நெடும்பந்தயம் வரை பல அளவுகளில் இது நடைபெறுகிறது. புதியவர் ஆறு மணித்தியாலப் பந்தயத்தையே இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதைவிடக் குறுகியதில் வேகமே வென்றுவிடும். வரைபடம் உங்களைச் சோதிக்க நேரம் இராது. அதைவிட நீண்டது தூக்கத்தையும் இருட்டையும் கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில் அணி

உலக சம்பியன்ஷிப் போட்டிகளில் அணிக்கு நான்கு பேர், அவர்களில் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். சிறிய பந்தயங்களில் இருவராகவோ தனியாகவோ ஓட இடமுண்டு. ஆனாலும் பழகும்போதே நான்கு பேராகச் சேர்ந்து பழகுமாறு கேட்டுக்கொள்கிறேன். நால்வரும் எப்போதும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல், வழக்கமாக நூறு மீற்றருக்குள், இருக்க வேண்டும் என்பது விதி. கடைசி ஆள் புள்ளியைத் தொடும்வரை அணி அதைத் தொட்டதாகக் கணக்கில்லை. ஆகவே அணியின் வேகம் என்பது மெதுவானவரின் வேகம்தான். அவருடைய வேகத்தைக் கூட்டுவதற்கு ஏசுவது வழியல்ல. அவருடைய பையிலிருந்து இரண்டு கிலோவை மற்றவர் வாங்கிக்கொள்வது, ஏற்றத்தில் இடுப்பில் கட்டிய இழுபட்டியால் மெல்ல இழுத்துக்கொடுப்பது, அவர் பசியை மறந்துவிடாதபடி அரைமணிக்கொரு தடவை ஏதாவது கையில் திணிப்பது ஆகியவைதான் வழி. நல்ல அணிகளைப் பார்த்தால் மிகவும் பலசாலியின் பைதான் மிகவும் பாரமாக இருக்கும்.

பெண்கள் கிடைப்பதில்லை என்று இளைஞர் அணிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கொழுந்துச் சுமையோடு நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கும் பெண்கள் வாழும் ஊரிலிருந்து இதைச் சொல்வது வேடிக்கைதான். கேட்பதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படம் பார்ப்பவர். இன்னொருவர் அவரைச் சரிபார்ப்பவர். மூன்றாமவர் நேரத்தையும் உணவையும் கவனிப்பவர். நான்காமவர் சைக்கிள்களுக்கும் மருந்துப் பெட்டிக்கும் பொறுப்பு. படம் பார்ப்பவர் தவறிவிட்டார் என்று தோன்றும்போது சரிபார்ப்பவர் அதைச் சொல்லத் தயங்கக்கூடாது, கேட்பவர் கோபிக்கவும் கூடாது. அண்ணன் தம்பி, மாமன் மருமகன் என்று உறவுக்காரர் சேர்ந்த அணியில் இது எளிதல்ல. மூத்தவர் படத்தை வைத்திருந்தால் இளையவர் வாய் திறக்கமாட்டார். இதை வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டு வெளிக்கிட வேண்டும்.

வரைபடம்

சாதாரண தரத்தில் புவியியல் படித்தவர்கள் இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தைப் பார்த்திருப்பார்கள். பரீட்சைக்காகச் சமவுயரக் கோடுகளைப் படித்துவிட்டு மறந்த அந்தப் பாடம்தான் இங்கு முதல் மூலதனம். அந்த அளவுத்திட்டத்தில் படத்தின் இரண்டு சென்ரிமீற்றர் தரையில் ஒரு கிலோமீற்றர். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் மெதுவான சரிவு. மலையிலிருந்து தோள்போல் நீண்டு இறங்கும் பகுதியில் கோடுகள் தாழ்நிலத்தை நோக்கி வளையும். ஆறு இறங்கும் பள்ளத்தில் உயரத்தை நோக்கி வளையும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திசைகாட்டி வாங்கும்போது ஒளிபுகும் பலகை பொருத்தியதை வாங்க வேண்டும். படத்தைத் தரையோடு ஒத்துப்போகுமாறு திருப்பி வைப்பதே முதற் பழக்கம்: படத்தின் வடக்கு, திசைகாட்டி முள் காட்டும் வடக்கோடு பொருந்தும்வரை படத்தைச் சுழற்றுங்கள், நீங்கள் சுழலாதீர்கள். இலங்கையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சில பாகைகளே என்பதால், தொடக்கத்தில் அதைப் பொருட்படுத்தாமலே பழகலாம்.

இரண்டாவது பழக்கம் அடி எண்ணுதல். நூறு மீற்றரை அளந்து வைத்துக்கொண்டு, வலது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். தோட்டத்து வண்டிப்பாதையில் எனக்கு அது 64. தேயிலைக்குள் படிக்கட்டு ஏறும்போது 90ஐத் தாண்டிவிடும். பனிமூட்டம் இறங்கி முன்னால் போகிறவரின் பை மட்டும் தெரியும் வேளையில், 'இன்னும் முந்நூறு மீற்றரில் இடப்பக்கம் பாதை பிரியும்' என்பதை அறிய இந்த எண்ணிக்கையை விட்டால் வேறு வழியில்லை.

நேரக் கணிப்புக்கு ஸ்கொட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: ஒவ்வொரு ஐந்து கிலோமீற்றருக்கும் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். எட்டுக் கிலோமீற்றர் தூரமும் 450 மீற்றர் ஏற்றமும் உள்ள பகுதிக்கு ஒரு மணி 36 நிமிடங்களோடு 45 நிமிடங்களைக் கூட்டினால் இரண்டு மணி 21 நிமிடங்கள் வரும். மழையில் வழுக்கும் செம்மண்ணையும் சேர்த்து, மலையகத்துக்கு நான் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வேன்.

இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, படத்தில் தோட்டத்தின் பெயர் துரைமார் (தோட்ட அதிகாரிகள்) வைத்த பெயராக இருக்கும். ஊரார் வாயிலிருப்பது வேறொரு தமிழ்ப் பெயராக இருக்கும். இரண்டு, தேயிலை மலையில் பாதையும் கானும் (மழைநீர் வடிகால்) தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும். என் முதற் பயிற்சி நாளில் மூட்டத்துக்குள் ஒரு கானைப் பாதை என்று நம்பி, நால்வரும் ஒருவர்பின் ஒருவராக அரைமணி நேரம் அதன் வழியே போய், ஊரார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையொன்றில் நின்றோம். அங்கு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த அம்மாவிடம், படத்திலிருந்த தோட்டப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். அப்படி ஒரு தோட்டம் இந்தப் பக்கமே இல்லை என்றார். நாங்கள் நின்றதே அந்தத் தோட்டத்தில்தான் என்பது பத்து நிமிடங்களுக்குப் பிறகு, மலையின் (தோட்டத்தின் தேயிலைப் பகுதி) இலக்கம் எழுதிய சிறு பலகையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. கான் சரிவைக் குறுக்கே வெட்டி ஏறக்குறைய மட்டமாகப் போகும். ஆட்கள் நடக்கும் குறுக்குப் பாதை லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) மலைக்கோ ஸ்டோருக்கோ (தேயிலைத் தொழிற்சாலை) நேராக ஏறும் அல்லது இறங்கும். இந்த வேறுபாட்டைச் சமவுயரக் கோடுகளோடு ஒப்பிட்டிருந்தால் அரைமணி மிஞ்சியிருக்கும். அதுமுதல், புறப்படும் முன் படத்திலுள்ள தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டறிந்து பென்சிலால் எழுதிக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். பந்தயத்தின்போது வழி கேட்க அனுமதி உண்டா என்பதை மட்டும் அந்தப் பந்தயத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால், சைக்கிள், நீர்

நடைக்கு மலையகத்தாருக்குப் புதிதாகக் கற்றுத்தர அதிகமில்லை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கியவர்களுக்கு, முழங்காலை வாட்டுவது ஏற்றமல்ல இறக்கம்தான் என்பது தெரியும். ஆகவே பயிற்சியில் இறக்கத்துக்குத் தனியிடம் கொடுங்கள்: குறுகிய அடி, வளைந்த முழங்கால், குதிகாலைக் குத்தாமல் முழுப்பாதத்தையும் வைத்தல். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மணித்தியாலமும், ஞாயிறன்று மூன்று மணித்தியாலமும் என்று தொடங்கி, இரண்டு மாதங்களில் ஞாயிற்று நடையை ஐந்து மணித்தியாலமாக உயர்த்தினால் போதும். கடைசி இரண்டு வாரங்களில் பந்தயப் பையின் முழுப் பாரத்தோடு நடக்க வேண்டும்.

சைக்கிள் வேறு கதை. ஏற்றமே ஊராக உள்ள இடத்தில் பிறந்த எம்மில் பலர், என்னையும் சேர்த்து, சைக்கிளைப் பிந்தியே பழகியவர்கள். விலையுயர்ந்த புதிய சைக்கிளை வாங்க ஓடாதீர்கள். பல்சக்கர மாற்றம் ஒழுங்காக வேலை செய்கிற, பிரேக் கட்டைகள் புதிதான, உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற பழைய மலைச் சைக்கிள் முதல் ஆண்டுக்குத் தாராளம். டியூப் மாற்றவும் அறுந்த சங்கிலியை இணைக்கவும் நால்வரும் கற்றிருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும்; விட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். மழையில் பிரேக் பிடிக்க எடுக்கும் தூரம் எவ்வளவு என்பதைப் பந்தயத்துக்கு முன்பே ஒரு வெறிச்சோடிய தோட்ட வீதியில் பார்த்துவிடுவது நல்லது.

நீர்ப்பகுதிக்கு வந்தால் நான் சற்றுக் கண்டிப்பானவன். நீந்தத் தெரியாதவர் படகில் ஏறக்கூடாது. தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை இறுக்காமல் ஏறக்கூடாது. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் பார்வைக்கு அமைதியாகத் தெரிந்தாலும் அவை மின்னுற்பத்திக்கானவை: நீர்மட்டம் மாறிக்கொண்டிருக்கும், தண்ணீர் குளிர்ந்திருக்கும், பிற்பகல் காற்று எழுந்தால் சிறு கயாக்கை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அனுமதியின்றி அவற்றில் இறங்கவும் கூடாது. புதியவர் முதலில் கித்துல்கலவில் களனி கங்கையில் தேர்ந்த வழிகாட்டியோடு படகேறி, துடுப்பு வலிப்பதையும் கவிழ்ந்தால் கால்களை முன்னால் நீட்டி மல்லாந்து மிதப்பதையும் கற்றுக்கொள்ளலாம். அங்கும் மேலேயுள்ள மின்நிலையங்கள் நீரை விடுவதைப் பொறுத்தே ஆற்றின் ஓட்டம் அமையும் என்பதால், அன்றைய நிலையைக் கேட்டறியாமல் தாமாக இறங்குவது ஆபத்து.

பருவமும் அனுமதியும்

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும். வடகீழ்ப் பருவமழை டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகள் ஆகியவற்றை நனைக்கும். ஆகவே ஒரு பக்கம் அடைமழையாக இருக்கும்போது மறுபக்கத்தில் பழகலாம். இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை வெளித்திருந்தாலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். நண்பகல் கடந்ததும் முகட்டிலோ தனிமரத்தடியிலோ நிற்காதபடி திட்டமிடுங்கள். தொடர்மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பயிற்சியை அப்போதே கைவிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை சரிந்துபோனதை அறிந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

தேயிலைத் தோட்டம் பொதுக்காணி அல்ல. தோட்ட அலுவலகத்தில் துரையிடமோ பொறுப்பான உத்தியோகத்தரிடமோ முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுவதில் மரியாதையோடு பயனும் உண்டு: எந்த மலையில் மருந்தடிக்கிறார்கள், எங்கு குளவிக்கூடு தொங்குகிறது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்ற தகவல் அங்குதான் கிடைக்கும். ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவில் குறித்த பாதையை விட்டு விலக அனுமதி இல்லை என்பதால் அது வரைபடப் பயிற்சிக்கு ஏற்ற இடமன்று. நக்கிள்ஸ் காட்டுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ரயில் பாதையில் நடப்பது, எத்தனை பேர் அங்கு நின்று படம் எடுத்தாலும், குற்றமே.

பையில் என்ன

ஒவ்வொரு பந்தயமும் கட்டாயப் பொருட்பட்டியல் ஒன்றைத் தரும். அதில் ஒன்று குறைந்தாலும் தண்டனை நேரம் விழும். பட்டியல் தராத பயிற்சி நாளிலும் ஆளுக்கொரு தலைவிளக்கு, மழை அங்கி, ஊதுகுழல், உலர்ந்த கம்பளிச் சட்டை, வெள்ளித்தாள் போன்ற அவசரப் போர்வை ஆகியவை இருக்க வேண்டும். எங்கள் நாட்டில் எந்த மாதமானாலும் மாலை ஆறு மணியைச் சுற்றியே சூரியன் மறைந்து, விரைவாக இருட்டிவிடும். உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலையை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைக்கும்; 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவைச் சுற்றி நனைந்த உடம்போடு காற்றில் நிற்பவருக்கு நடுக்கம் தொடங்க அதிக நேரம் செல்லாது. ஒருவர் பேச்சுக் குழறி, விரல்களால் பையின் கொக்கியைக் கூடக் கழற்ற முடியாமல் தடுமாறினால், ஓட்டத்தை நிறுத்தி, ஈரத்தை மாற்றி, இனிப்பான சூடான தேநீர் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சாப்பாட்டுக்குக் கடைப் பொதிகளைத் தேடி அலைய வேண்டாம். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், எள்ளுருண்டை, வாழைப்பழம், கித்துள் கருப்பட்டித் துண்டு ஆகியவை மலையில் நன்றாகவே வேலை செய்கின்றன. பசிக்கும்வரை காத்திராமல் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போகுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு போத்தலில் தண்ணீரும் மற்றதில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருக்கட்டும்.

அட்டைக்கு நீண்ட, நெருக்கமாக நெய்த காலுறையும் சவர்க்காரமும் போதும். அது அருவருப்பே தவிர ஆபத்தன்று. ஆபத்து குளவிதான். கூட்டைக் கண்டால் சத்தமின்றித் திரும்ப வேண்டும். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். பல இடங்களில் கொட்டு வாங்கியவருக்கோ மூச்சுத் திணறுபவருக்கோ உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கேளுங்கள். காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கும் இருக்கலாம் என்பதால், பாதையற்ற பற்றைக்குள் பாயும் எந்தக் குறுக்குவழியும் இலாபமல்ல.

ஒத்திகை

அப்புத்தளையை ஒத்திகைக்குச் சிபாரிசு செய்வேன். ஊரிலிருந்து தம்பத்தன்னைத் தேயிலை ஸ்டோர் வரை ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் வீதி. அங்கிருந்து லிப்டன் சீட் முகடுவரை இன்னும் ஏழு கிலோமீற்றர் அளவில் தோட்ட வீதி வளைந்து வளைந்து ஏறும். முதற்பகுதியைச் சைக்கிளில் முடித்து, ஸ்டோருக்கு அருகே அனுமதி பெற்ற ஓரிடத்தை மாறுமிடமாக்கி, மீதியைக் காலால் ஏறித் திரும்பலாம். ஐந்தாவது ஆள் ஒருவர் முந்திய நாளே போய், பாலம், கோயில், வளைவு, மலை இலக்கப் பலகை என்று எட்டு இடங்களில் வண்ணநாடா கட்டிவிட்டு, அவற்றைப் படத்தில் சிறு வட்டங்களாகக் குறித்துத் தரட்டும். வீதியின் வளைவுகளைச் சுற்றிப் போவதா, தேயிலைக்கிடையிலுள்ள படிகளில் நேராக ஏறுவதா என்று ஒவ்வொரு புள்ளியிலும் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இந்தத் தெரிவே விளையாட்டின் உயிர். ஆறு மணித்தியாலத்தை எல்லையாக வைத்து, காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு முகட்டை மூட்டம் மூடினால் ஏமாற்றமடையாதீர்கள், படம் பழக அதைவிட நல்ல நேரம் இல்லை. யாருக்காவது முடியாமற்போனால் தம்பத்தன்னையிலிருந்து அப்புத்தளைக்குப் பஸ் உண்டு.

முடிந்த அன்றே நால்வரும் உட்கார்ந்து, மாறுமிடத்தில் எத்தனை நிமிடங்கள் போயின என்று கணக்குப் பாருங்கள். எங்களுடைய முதல் ஒத்திகையில் சப்பாத்து மாற்றி, பை கட்டி, ரொட்டி தின்று எழும்ப 27 நிமிடங்கள் போயிருந்தன. அவ்வளவு நேரத்தை ஓடிச் சேமிக்க எந்தக் காலாலும் முடியாது. அடுத்த தடவை ஆளுக்கொரு பொலித்தீன் பைக்குள் தேவையான ஒழுங்கில் அடுக்கி வைத்ததில் அது ஒன்பதாகக் குறைந்தது.

கடைசியாக, வீடு திரும்பிய பின்னர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டு போர்ணியோவின் சபாவில் நடந்த எகோ சலஞ் பந்தயம் முடிந்து, தத்தம் நாடுகளுக்குத் திரும்பிய போட்டியாளர் பலர் காய்ச்சலில் விழுந்தனர். அது எலிக்காய்ச்சல் என்றும், செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு அபாயம் கூடுதலாக இருந்தது என்றும் பின்னர் தெரியவந்தது. எங்கள் வயல்களிலும் ஓடைகளிலும் அதே நோய் உண்டு. காலில் புண்ணோடு சேற்றிலோ தேங்கிய நீரிலோ இறங்க வேண்டியிருந்தால், முற்காப்பு மருந்து தேவையா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். பந்தயத்துக்குப் பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைவலியும் வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த ஆற்றில் எந்தத் திகதியில் இறங்கினீர்கள் என்பதை வைத்தியர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.